அவர் தேர்ந்தெடுத்த எட்டுப் பாட்டுகள்

மரக்காணம் பஜாரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அதன் ஷட்டர் பாதி இறங்கும். உள்ளே மூன்று பேர் இருப்போம். கடைக்காரர், நான், உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர். மூவரும் ப்ளூஸ் கேட்போம். அமெரிக்காவின் தெற்கே கறுப்பினத் தொழிலாளர்கள் பருத்திக் காட்டிலும் ரயில் பாதையிலும் சிறையிலும் பாடி வளர்த்த பாட்டு அது. அதோடு உறவுள்ள பழைய நாட்டுப்புறப் பாட்டுகளும் உண்டு. ஒரு கிதார், ஒரு மவுத் ஆர்கன், பெரும்பாலும் ஒரே குரல். பழைய ஒலிப்பதிவுகள் என்பதால் பின்னால் எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனக்கு இது பத்திரிகை அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். உடன் வேலை பார்த்தவர் கொடுத்த ஒரு கேசட்டில் தொடங்கியது. கடைக்காரருக்கு வேறு வழியில் வந்தது. பெரிய முதலியார்சாவடியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்காமலே நாடு திரும்பிவிட்டார். அதைச் சரி செய்து பார்த்தால் உள்ளே முழுக்கப் பாட்டு. "ஆளு வருவாருன்னு ஒவ்வொண்ணா கேட்டுகினே இருந்தேன் சார். ஆளு வரல, எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது" என்பார்.

உப்பளத்துக்காரர் வந்தது போனுக்குக் கண்ணாடி மாற்ற. கடையில் அப்போது வேகமான ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இன்னா தம்பி இது, குடத்துல வாய வச்சு ஊதுறானா?"

"குடம் இல்லண்ணா, ஜாடி. சாராய ஜாடி."

"அதான் பார்த்தேன். உள்ள இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குது. சத்தத்துலயே தெரியுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். பதினொரு மணி அவருக்குத் தோதான நேரம். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தத் தொடங்கும் பத்து மணிக்குக் கரையேறிவிடுவார்கள். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, டிவிஎஸ் வண்டியில் வருவார். குளித்த பிறகும் கணுக்காலில் வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலம் தெரியாது. தெரியாதது அவருக்கு வசதியாக இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் தானே ஒரு கதை சொல்வார். "இவன் மாமியார் வூட்டுல மாட்டிகினவன்." "இவன் மாட்ட வித்துட்டு இப்ப வருத்தப்படுறான்."

ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு, ஏன் பிடிக்கும் என்பதை மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தது நான். கடைக்காரரும் நானும் மெதுவான பாட்டுகளின் பக்கம். கிதார் கம்பியில் கண்ணாடி பாட்டிலின் கழுத்தை வைத்து இழுத்து, மனிதன் முனகுவது போல வாசிக்கும் பாட்டுகள். நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். உப்பளத்துக்காரர் மணி பார்ப்பார்.

"சார், இவன் இன்னும் எழுந்திரிக்கலையா?"

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. அதப் பாடுறான்."

"அவ ஏன் போனான்னு இப்பத் தெரியுது."

ஒருநாள் நான் விடாமல் கேட்டேன். இந்தப் பாட்டுகளைப் பாடியவர்களும் உங்களைப் போல வெயிலில் வேலை செய்தவர்கள்தானே, உங்களுக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? அவர் கோபப்படவில்லை. டீயை வைத்துவிட்டுச் சொன்னார். "விடிகாலையில போய் பலகையால உப்பு இழுக்கிறேன். வூட்டுக்கு வந்தா அங்க ஒரு கத. இங்க வந்து குந்திகினு இன்னொருத்தன் அழுவுறதையும் நானே கேக்கணுமா? ஜாடி ஊதுறானே, அவனும் வேலைக்காரன்தான் சார். வேல முடிஞ்சதும் ஊதுறான்."

மூன்று வாக்கியத்தைத் தாண்டிவிட்டது என்றார் கடைக்காரர். நான் சிரித்தேன். நாளானால் மெதுவான பாட்டுகளுக்கு வந்துவிடுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இசையின் ரசிகர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. சென்னை, பெங்களூரு, இரண்டு மூன்று வெளிநாட்டு ஊர்கள். ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கும் அபூர்வமான பதிவைப் போடுவார்கள், மற்றவர்கள் வியப்பார்கள். போன வருடம் கோடையில் அதில் நான் ஒரு செய்தி போட்டேன். "எங்கள் ஊரில் எங்களோடு உட்கார்ந்து ப்ளூஸ் கேட்பவர் ஒரு உப்பளத் தொழிலாளி" என்று முதல் வரி. முதல் வரியில் எதை வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், தொழில் அது. அன்று மாலைக்குள் குழுவில் இருந்த எல்லாரும் பதில் போட்டிருந்தார்கள். பெரிய முதலியார்சாவடியில் இணைய வானொலி நடத்தும் ஒரு பெண்மணி தனியாகவே அழைத்தார். உப்பளத்துக்காரருக்கு ஒரு மணி நேரம் தருகிறேன், அவரே பாட்டுப் போடட்டும், அவரே பேசட்டும் என்றார்.

உப்பளத்துக்காரரிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை.

"நானா? நான் போடுற பாட்டா?"

"ஆமா. நீங்க எடுக்கிறதுதான்."

"அளத்துல கேக்குமா சார்?"

போனில் கேட்கும் என்றார் கடைக்காரர். அவ்வளவுதான், அவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவரோடு உப்பு சுமக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அவர் இந்தப் பாட்டுகளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கேலி செய்வார்களாம். "வெள்ளைக்காரன் பாட்டு கேக்குற துரை" என்று பேர் வேறு. அது வெள்ளைக்காரன் பாட்டு இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாராம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒலிபரப்பு. எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "அதுங்கள எழுந்து ஆட வைக்கிறேன் பாரு சார்" என்றார்.

மூன்று வாரம் தேர்ந்தெடுத்தார். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எட்டுப் பாட்டுகளை வரிசையாக எழுதியிருந்தார். பேர் தெரியாததால் அடையாளங்கள். ஜாடி பாட்டு. கோழி மாதிரி கத்துறவன். ரெண்டு பேர் சண்டை. வரிசையை நான்கு தடவை மாற்றினார். ஐந்தாவது இடத்தில் மட்டும் ஒரு மெதுவான பாட்டு இருந்தது. அதற்குக் காரணம் கேட்டேன். "தண்ணி குடிக்க டைம் வேணாமா" என்றார்.

பட்டியலை வானொலிப் பெண்மணிக்கு அனுப்பினேன். போன் வந்தது.

"சார், லிஸ்ட் பார்த்தேன். எல்லாமே பார்ட்டி பாட்டு மாதிரி இருக்கே. அவரோட வாழ்க்கை இதுல எங்க இருக்கு?"

அவருக்குப் பிடித்தது இதுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அதே எண்ணம் இருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருடைய எட்டில் இரண்டை வைத்துக்கொண்டேன், நடுவில் தண்ணீர் குடிக்க வைத்திருந்த பாட்டு அதில் ஒன்று. மற்ற ஆறும் நான் சேர்த்தவை. இடையில் பேசுவதற்கு நான்கு பக்கம் எழுதினேன். வேகமாக எழுத வந்தது.

உப்பளத்துக்காரரிடம் ஒரு பொய் சொன்னேன். சில பாட்டுகள் ஒலிபரப்பு நேரத்துக்குள் அடங்கவில்லை என்றேன். என் ஆறு பாட்டுகளும் அவருடையதைவிட நீளமானவை.

"ஜாடி பாட்டு?"

"அடுத்த தடவை போடலாம்."

"அடுத்த தடவை கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடுவாங்க."

காலண்டர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதிவு ஒரு புதன்கிழமை மதியம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. ஏசி குளிர் தாங்காமல் அவர் துண்டைப் போர்த்திக்கொண்டார். தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். உப்பின் வெளிச்சத்தில் பல வருடம் இருந்தவர்களின் கண். நன்றாகவே படித்தார், இரண்டு இடத்தில் மட்டும் தடுமாற்றம். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினார். நான் எழுதியிருந்தது இது: "எங்கள் வியர்வையும் உப்பு, எங்கள் கண்ணீரும் உப்பு. அதனால் இந்தப் பாட்டு எனக்குப் புரிகிறது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எங்களைப் பார்த்தார்.

"இத நான் சொல்லணுமா சார்?"

மைக்கில் வானொலிப் பெண்மணி பேசினார். "அதுதாண்ணா ஹைலைட்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தலையை ஆட்டினேன். படித்தார். ஒரே டேக்கில் சரியாக வந்தது.

சனிக்கிழமை காலை நான் உப்பளத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். தார்ப்பாய்ப் பந்தலின் கீழே பெண்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் போனை ஒரு சட்டி மூடியின் மேல் நிறுத்தியிருந்தார், சத்தம் கூடுதலாகக் கேட்கும் என்று. என்னைப் பார்த்ததும் ஒரு பெண் தன் முக்காட்டுத் துணியை மடித்து, உட்கார என்று போட்டார்.

அவர் குரல் வந்ததும் ஒரே ஆரவாரம். "துரை பேசுறாரு, துரை பேசுறாரு." பிறகு முதல் பாட்டு. கிதார் முனகியது. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தார்கள்.

"இன்னாய்யா இது, யாரு செத்துட்டா?"

"ஆட வைக்கிறேன்னு சொன்ன? எனக்குத் தூக்கம் வருது."

"இருங்க. அடுத்தது வரும்" என்றார்.

அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அந்தக் கண்ணீர் வரி வந்தது. வயதான ஒரு பெண் கஞ்சியைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஏய்யா, நீ எப்ப அழுத? மேஸ்திரிகிட்ட சண்ட போட்டுத்தான பார்த்திருக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அவர்களோடு அல்ல, அவர்கள் சிரித்து முடித்த பிறகு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு வரப்பில் இறங்கினார்கள். அவர் போனை நிறுத்தவில்லை. பாட்டு ஓடும்போதே அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, பையைப் பந்தல் காலில் மாட்டிவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். மீதி நிகழ்ச்சியை நான் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

ரசிகர் குழுவில் பாராட்டு மூன்று நாள் ஓடியது. அந்த வரியை ஒருவர் படமாக்கி, பின்னால் உப்புக் குவியல் வைத்துப் போட்டார். வானொலிப் பெண்மணி இன்னொரு மணி நேரம் தருவதாகச் சொன்னார். நான் உப்பளத்துக்காரரிடம் சொன்னேன்.

"எழுதிக் குடுங்க சார், வந்து படிக்கிறேன்."

"எழுத மாட்டேன். நீங்க அன்னிக்கு எடுத்த எட்டுப் பாட்டையும் அப்படியே போடலாம்."

"அதெல்லாம் எதுக்குங்க. உங்களுக்குத் தெரியும் எது நல்லா இருக்கும்னு."

அதுவரை என்னிடம் அவர் ங்க போட்டுப் பேசியது கிடையாது. சார் என்பார், ஆனால் சரிக்குச் சரி பேசுவார். நேரம் போதாமல் இல்லை, நான்தான் மாற்றினேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "தெரியுங்க" என்றார். "அதனால இன்னா. எல்லாரும் நல்லா இருந்துதுன்னுதானே சொன்னாங்க." இரண்டாவது நிகழ்ச்சி நடக்கவில்லை.

அவர் வராமல் நின்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வருகிறார். ஞாயிறு தவறாமல், எண்ணெய் வைத்த தலையோடு, அதே ஸ்டூலில் உட்காருகிறார். அவர் முறை வரும்போது, நீங்களே போடுங்க என்கிறார். மெதுவான பாட்டு ஓடும்போது மணி பார்ப்பதில்லை. பாடுகிறவனுக்குக் கதை கட்டுவதில்லை. முடிந்ததும், "நல்லா இருக்குதுங்க" என்கிறார்.

போன வாரம் கடைக்காரர் வேண்டுமென்றே ஒரு மோசமான பதிவைப் போட்டார். கிதார் சுதி சேரவில்லை, பாடுகிறவர் பாதியில் இருமுகிறார், கடைசி நிமிடம் வெறும் இரைச்சல். ஒரு கேலி வரும், ஒரு வசவாவது வரும் என்று நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முழுதும் கேட்டார், கையைக் கட்டிக்கொண்டு.

"நல்லா இருக்குதுங்க" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அடுத்தது என் முறை. என்ன போடுவது என்று தெரியாமல் போனில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.