மணிக்கு ஒரு ரீடிங்

என் தங்கையின் ஏடிவி எங்கள் குவார்ட்டர்ஸின் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தது ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை, காலை ஒன்பதேகாலுக்கு. ஒன்பதரை என்பாள் என் மனைவி. அவள் எதையும் குறித்துவைப்பதில்லை.

ஏடிவி என்றால் மணலிலும் மேட்டிலும் ஓடுகிற நான்கு சக்கர வண்டி. மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பார், டிராக்டரின் டயரைப் பாதியாக வெட்டியது போன்ற டயர். புதுச்சேரிப் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து ஓய்ந்திருந்ததை, வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தங்கை கணவர் அங்கிருந்தபடியே பேசி வாங்கியிருந்தார். விளையாட்டுக்கு இல்லை. முந்தைய வருடம் மொபெட்டிலிருந்து விழுந்ததில் தங்கையின் இடுப்பில் பிளேட் வைத்திருந்தது. மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் அவர்களுக்கு நாலு காணி முந்திரித் தோப்பு. கணுக்கால் புதையும் செம்மணலில் அவளால் பத்து அடிகூட நடக்க முடியாது. பங்குனியில் கொட்டை விழ ஆரம்பித்துவிட்டால் தினமும் தோப்பைச் சுற்றி வந்தாக வேண்டும்.

சுற்ற முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவளுடைய கொழுந்தன் தயாராக இருந்தார். அண்ணன் ஊரில் இல்லை, அண்ணிக்கு உடம்பு சரியில்லை, தோப்பைத் தானே பார்த்துக்கொள்வதாக அவர் ஏற்கனவே நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தார். ஒரு வருடம் கைமாறினால் தோப்பு திரும்ப வராது என்பது தங்கைக்குத் தெரியும். தோப்புச் சாமானெல்லாம் இருந்த மோட்டார் கொட்டகைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே திரிந்தாள்.

வண்டி தோப்பின் நடுவில் நின்றுபோனது புதன்கிழமை. திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது, 46 என்ற கோளாறு எண் மின்னியது, ஹேண்டில்பார் இரும்புத் தூணாக இறுகியது. வேலைக்கு வந்த பெண்கள் தள்ளிக்கொண்டுவந்து சாலையில் விட்டார்கள், மறுநாள் டெம்போவில் ஏற்றி எங்களிடம் அனுப்பினாள். கொழுந்தன் உதவிக்கு வரவில்லை. வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, பங்குனி முதல் வெள்ளிக்கிழமை வந்து கொட்டகைச் சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

எங்கள் டவுன்ஷிப்பில் வண்டி மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த வண்டியைத் தொட ஒருவர்தான் சம்மதித்தார். மந்தாரக்குப்பத்தில் பட்டறை வைத்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். முதல் ஞாயிறு வந்ததும் பேட்டரியைச் சோதித்துப் பார்த்து, அது செத்து ஒரு மாமாங்கம் ஆகிறது என்று சொல்லி, புதியது போட்டார். விளக்கு அணைந்தது. பிளாக்கைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். தங்கையை வந்து எடுத்துப்போகச் சொல்லியிருக்க வேண்டும். நான்தான், ஒரு வாரம் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றேன்.

நான் வேலை பார்த்தது அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில். அங்கே மணிக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். எது கெட்டாலும் முதலில் கேட்பது, லாக் ஷீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். இருபது வருடப் பழக்கம். ஆகவே வண்டிக்கும், பகலில் மட்டும் மணிக்கு ஒரு ரீடிங் என்று, ஒரு லாக் ஷீட் போட்டேன். நேரம், வானிலை, திரையில் தெரியும் எண், விளக்கின் நிலை, குறிப்பு. கடைசியில் பொறுப்பை ஒப்படைப்பவர், பொறுப்பை ஏற்பவர் என்று இரண்டு கையெழுத்துக் கட்டங்கள். சாவியைத் திருப்பினால் திரை விழிக்கும், முகப்பு விளக்குகள் தாமாக எரியும், உள்ளே ஏதோ ஒரு பம்பு முனகும். ரீடிங் நிலைப்பட வேண்டும் என்பதால் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு எழுதிக்கொண்டு சாவியை அணைப்பேன்.

நான் ஷிப்டுக்குப் போகும்போது மனைவி பொறுப்பை ஏற்றுக் கையெழுத்திட்டாள். முதல் நாள் அவள் எழுதிய குறிப்பு: ‘விளக்கு இல்லை.’ இரண்டாம் நாள்: ‘அதேதான்.’ மூன்றாம் நாள்: ‘பருப்பு தீய்ந்துவிட்டது.’ அது வண்டியைப் பற்றியதல்ல என்று எடுத்துச் சொன்னேன். வண்டியால் நடந்ததுதான் என்றாள்.

அன்று மாலை ஐந்து மணி ரீடிங்கில் 46 திரும்ப வந்தது. ஆறு மணிக்கு ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட இன்னொரு எண்ணும் சேர்ந்துகொண்டது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் கட்டங்கள் நிறைவதில் ஒரு திருப்தி இருந்ததை மறைப்பதற்கில்லை.

இரண்டாம் ஞாயிறு மெக்கானிக் புதுப் பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“எங்கயோ கரண்ட்ட இழுக்குது சார். யார்னா வண்டிய எடுக்கறாங்களா?”

“யாரும் தொடுவதில்லை” என்றேன். மனசாட்சிக்கு விரோதமில்லாமல்தான் சொன்னேன். ரீடிங் எடுப்பதை எங்கள் ஊரில் யாரும் தொடுவதாக நினைப்பதில்லை.

அவர் சீட்டைக் கழற்றினார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். எலி கடித்த ஒயர் ஒன்று அகப்பட்டது, அதற்கு டேப் சுற்றினார். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினார். விளக்கு அணைந்தது. செவ்வாய் மாலை மறுபடியும் எரிந்தது. மூன்றாம் ஞாயிறு ரிலே மாற்றினார், பிளக்குகளையெல்லாம் பிரித்துத் துடைத்தார். இந்த முறை புதன் காலைவரை தாங்கியது. அதை முன்னேற்றம் என்று சிவப்பு மையில் குறித்தேன். திங்கட்கிழமை மனைவி ரேஷன் கடை வரிசையில் நின்றதால் நான்கு ரீடிங் தவறியிருந்ததை மட்டும் கண்டித்து எழுதினேன்.

இதற்குள் கொழுந்தனும் இரண்டு முறை நலம் விசாரிக்க வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்போல ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து, டயரை ஒரு தட்டுத் தட்டி, “பொழைக்குமா மாமா?” என்று கேட்டார்.

நான்காம் ஞாயிறு மெக்கானிக் வெறுமனே சார்ஜ் ஏற்றிவிட்டு, இனித் தன்னால் ஆவதற்கு எதுவுமில்லை என்று கைவிரித்தார். அந்த வாரம் பார்த்து மனைவி தாய்வீட்டு விசேஷத்துக்கு நெல்லிக்குப்பம் போனாள். மின் நிலையத்தில் யூனிட் ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டதால் எனக்குத் தொடர்ந்து டபுள் டூட்டி. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் லாக் ஷீட் வெள்ளையாகக் கிடந்தது. அதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழன் காலை தங்கை ஆட்டோவில் வந்தாள். மறுநாள் பங்குனி முதல் வெள்ளி. கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள், முகத்திலேயே தெரிந்தது. வண்டியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்றாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள்.

முதல் அழுத்தலிலேயே பிடித்தது. மஞ்சள் விளக்கு இல்லை. எண் இல்லை. ஹேண்டில்பாரை ஒரு விரலால் திருப்பினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆகவே லாக் ஷீட்டுகளை எடுத்துவந்தேன். நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவள் பிடுங்கிக்கொண்டு, வண்டி மேல் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தோப்பில் கூடைக் கணக்கு பார்த்துப் பழகிய கண். விடுபட்ட இடம்தான் முதலில் படும்.

“அண்ணா, நீ எழுதாத நாள்ல எல்லாம் வண்டி நல்லாதான இருந்துகினு இருக்குது?”

அது தற்செயல் என்று ஆரம்பித்தேன்.

“எழுதறதுக்கு இன்னா பண்ணுவ? செஞ்சி காட்டு.”

காட்டினேன். எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பினேன். பட்டப்பகலில் இரண்டு முகப்பு விளக்குகளும் சுவரைப் பார்த்து எரிந்தன. பம்பு முனகியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் பத்து நிமிடமும் நின்றேன். எஞ்சின் ஓடாமல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். கரண்ட்டை இழுத்தது ஒயரும் இல்லை, ரிலேயும் இல்லை.

தங்கை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து தோள் குலுங்கச் சிரித்தாள். இடுப்பு வலிக்கவே நிறுத்தினாள்.

“நாலு வாரம் அந்தப் புள்ள ஒயர் ஒயரா பிரிச்சிகினு இருக்கறான், நீ பக்கத்துல நின்னு எழுதிகினு இருக்கற.”

வெள்ளிக்கிழமை அவள் வண்டியோட்ட, நான் பின்னால் சாமான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோப்புக்குப் போனோம். கொழுந்தன் மோட்டார் கொட்டகை வாசலில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, புதுப் பூட்டு ஒன்றோடு காத்திருந்தார். வண்டி மணலைக் கிழித்துக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றது. அவர் முதலில் பார்த்தது மஞ்சள் விளக்கு எரிகிறதா என்பதைத்தான். எரியவில்லை.

“இன்னாதான் அண்ணி கோளாறு?”

தங்கை திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். நான் ஒரு முந்திரிமரத்தைப் பார்த்தேன்.

“கரண்ட்ட இழுத்துகினு இருந்தது. எதுன்னு கண்டுபுட்ச்சி கழட்டி வுட்டாச்சி” என்றாள்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து, உட்கார்ந்தபடியே எட்டிக் கொட்டகையைத் திறந்தாள். கொழுந்தன் பூட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். வந்ததற்கு ஒரு கை கொடுக்கும்படி அவர் கையில் ஒரு காலிச் சாக்கு தரப்பட்டது.

என் சட்டைப்பையில் கடைசி லாக் ஷீட் மடித்து இருந்தது. அதை எடுப்பதைப் பார்த்ததும் தங்கை கை நீட்டினாள், கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பேனா கேட்டாள். ஒப்படைப்பவர் கட்டத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, பொறுப்பை ஏற்பவர் என்ற கட்டத்தில், பெட்ரோல் டேங்க் மேல் தாளை வைத்து, தன் முழுப் பெயரையும் எழுதினாள். நேரத்தை அவளே கேட்டாள். எட்டு நாற்பது என்றேன். எழுதிக்கொண்டாள். வண்டிச் சாவியை அதற்குப் பிறகு என்னிடம் கொடுத்ததில்லை.