கோட்டைக் கிணற்றில் போட்ட கல்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடுவது என் தொழில். எந்தக் குழியைக் கண்டாலும் கல்லைப் போட்டு, விழும் சத்தத்தை வைத்து ஆழம் சொல்வது எங்கள் ஆட்களின் பழக்கம்.

சென்ற மாதம் மனைவியுடன் சங்ககிரி மலைக்கோட்டையைப் பார்க்கப் போனேன். மேலே புதர் மண்டிய, வற்றிப்போன பழைய கிணறு ஒன்று இருந்தது.

"ஏனுங்க, எத்தன அடி இருக்குமுங்க?" என்றாள் மனைவி. யோசிப்பதற்குள் என் கை ஒரு கல்லை எடுத்து உள்ளே விட்டுவிட்டது.

"ஆருங்க அது? உள்ள ஆளு இருக்குதுங்க!" என்று கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினார்.

எட்டிப் பார்த்தேன். தவறி விழுந்த ஆட்டுக்குட்டியை எடுக்க இறங்கியவர், குட்டியை அணைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். கல் அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது.

மேலே ஏறி வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடறதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுக்கக் கூடாதுங்களா?" என்றார்.

இப்போது ஆறரை அங்குல போர்வெல் குழியில் கல் போடுவதானாலும், "உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?" என்று முதலில் கேட்கிறேன். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரித்து முடித்த பிறகும், பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் கல்லை விடுகிறேன்.