அம்மா மண்டபம் மாதிரிதான், மாமி!

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். தாய்லாந்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில், கடலுக்கடியில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு டைவிங் சொல்லிக்கொடுக்கும் வேலையில் நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

எனக்குத் திருச்சி, பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெங்களூரில் வேலை பார்த்தபோது தோழிகளோடு அந்தமான் போய், ஒரே ஒரு முறை கடலுக்குள் இறங்கியவள்தான். அதன்பிறகு ஆபீஸ் நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்பது எங்கள் குவார்ட்டர்ஸில் இன்றுவரை யாருக்கும் சரியாகப் புரியவில்லை. "மீன் பிடிக்கிற கம்பெனியா?" என்று அம்மாவிடம் கேட்டவர்கள் உண்டு.

கேட்பதற்குத்தான் ஜாலியான வேலை. காலை ஆறு மணிக்குக் காற்று அடைத்த சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் ஏற்ற வேண்டும். சாயங்காலம் திரும்பியதும் எல்லோருடைய ரப்பர் உடைகளையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும். வீட்டில் ஒரு கைக்குட்டை துவைக்காதவள், அங்கே தினம் இருபது பேர் உடையை அலசினேன். நடுவில், பயந்து போய் வருகிறவர்களைச் சிரிக்க வைத்துத் தண்ணீருக்குள் கூட்டிப்போக வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

ஒருநாள் காலை கடை வாசலில் நின்று அம்மாவிடம் போனில், "சரிம்மா, சாப்பிட்டேன். திருச்சிக்கு எப்ப வரேன்னு அப்புறம் சொல்றேன், வச்சிடவா?" என்று சொல்லி நிமிர்ந்தால், எதிரே ஒரு தம்பதி. ஐம்பத்தைந்து வயதிருக்கும் அந்த மாமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நீ திருச்சியா? நாங்க ஸ்ரீரங்கம்!"

ஏகாதசி உற்சவம் முடிந்த கையோடு மகள் டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறாள். மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டி.வி.யில் மீன்களைப் பார்த்துப் பார்த்து, ஒருதரமாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். மாமாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கிவந்தார். "நம்ம ஊர்ப் பொண்ணு இருக்கா. அதனாலதான் அனுப்பறேன்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

முதலில் கரையோரம், இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி. ரப்பர் உடைக்குள் நுழையவே மாமிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. தாலிச் சரட்டை உள்ளே பத்திரமாகத் தள்ளிக்கொண்டார். முகமூடி போட்டதும் வைர மூக்குத்தி அழுத்தியது. அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க மட்டும் முடியவில்லை. வைப்பார், உடனே எடுப்பார். கண் கலங்கிவிட்டது.

"என்னால ஆகாதும்மா. விட்டுடு."

டைவிங்கில் முதல் விதி, தண்ணீருக்குள் எப்போதும் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதுதான். ஆழத்தில் நாம் இழுக்கும் காற்று மேலே வர வர விரியும். மூச்சை அடைத்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடலாம். இதைப் பத்து தடவை மாமிக்குச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர்ப்பாசத்தில் ஒன்றைக் கூடுதலாகச் சொன்னேன்.

"மாமி, அம்மா மண்டபத்துல காவேரியில முங்கி எழுந்திரிப்பீங்கல்ல? அது மாதிரிதான். அதே தண்ணி, கொஞ்சம் உப்பு, அவ்ளோதான்."

மாமியின் முகம் அப்படியே மாறிவிட்டது. "இதைச் சொல்லக்கூடாதோ முதல்லயே?" என்று சொல்லிவிட்டு, குனிந்து முகத்தை வைத்தார். வாயில் கடித்திருந்த காற்றுக் குழாய் வழியாக நிதானமாக மூச்சு விட்டார். சொன்ன பயிற்சியை எல்லாம் ஒழுங்காகச் செய்தார். நான் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் படகில் போனோம். மாமா மேலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் மாமியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கினோம். இருபது நிமிடம், மாமியின் தோள்பட்டையில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனபோது, மாமி இரண்டு கையையும் கூப்பினார். 

திரும்பி மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தோம். இன்னும் மூன்று மீட்டர் இருக்கும். எங்கள் வேலையில் கண் எப்போதும் மாணவரின் காற்றுக் குமிழிகள் மேல்தான் இருக்கும். மாமியிடமிருந்து குமிழி வருவது நின்றது. பார்த்தால், மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் முகமூடியோடு சேர்த்து மூக்கைப் பிடித்திருக்கிறார். காவேரியில் முழுக்குப் போட்டுவிட்டு எழுகிற அதே கோலம். நான் சொல்லிக்கொடுத்த கோலம்.

ஏறுவதை அங்கேயே நிறுத்தினேன். கையால் சைகை காட்டினேன். கண்ணை மூடியிருப்பவருக்குச் சைகை காட்டி என்ன பிரயோஜனம்? மூக்கிலிருந்து கையை விலக்கினேன். அப்போதும் மூச்சு வரவில்லை. கண் மூடிய அந்த முகம் சாந்தமாக இருந்ததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. வாயில் குழாயைக் கடித்தபடியே, அடிவயிற்றிலிருந்து "மாமீ!" என்று கத்தினேன். என் காதுக்கே அது "ம்ம்மா" என்றுதான் கேட்டது.

மாமி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். வாயிலிருந்து பெரிய குமிழிக் கூட்டம் ஒன்று கிளம்பியது.

எல்லாம் ஐந்தாறு விநாடிதான் இருக்கும். அந்த இடத்திலேயே மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நான் இழுக்க அவரும் இழுக்க, நான் விட அவரும் விட, பத்து மூச்சு விட்டோம். பிறகு அங்குலம் அங்குலமாக மேலே வந்தோம்.

படகில் ஏறிய மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரங்கா, என்ன அழகு! ஏன்னா, நீங்களும் வந்திருக்கணும்" என்று மாமாவின் கையைப் பிடித்து உலுக்கினார். நடுவில் என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் உள்ளே ஏதாவது ஆகியிருந்து, ராத்திரி மாமிக்கு நெஞ்சு வலித்தால்?

சொல்லிவிட்டேன். மாமிக்கும் மாமாவுக்கும் தமிழில், படகில் இருந்த எங்கள் தலைமைப் பயிற்சியாளருக்கு இங்கிலீஷில். காவேரி மாதிரி என்று நான் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

மாமா எழுந்துவிட்டார். "நம்ம ஊர்ப் பொண்ணுன்னு நம்பித்தானேம்மா அனுப்பினேன்!"

அந்தக் குரல் எனக்கு இப்போதும் சுருக்கென்று தைக்கும். தலைமைப் பயிற்சியாளர் மாமியை உட்காரவைத்து ஆக்ஸிஜன் கொடுத்து, நேராக டாக்டரிடம் அழைத்துப் போனார். எக்ஸ்ரே படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் இந்தப் பயணத்தில் இனி ஆழத்துக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் தலைமைப் பயிற்சியாளர் என்னிடம், நாளைக்கு மாணவர்கள் யாரையும் தண்ணீருக்குள் கூட்டிப்போகாதே, அவர்கள் புகார் கொடுத்தால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ரூமுக்குப் போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை ரப்பர் உடைகளை அலசிக்கொண்டிருந்தேன். மாமியும் மாமாவும் வந்தார்கள். புகார் கொடுக்கத்தான் என்று நினைத்து, ஈரக் கையோடு எழுந்து நின்றேன்.

"ஆழம் வேண்டாம்னுட்டார் டாக்டர். இடுப்பளவுத் தண்ணி போறும்" என்றார் மாமி. "மறுபடியும் ஒருதரம் சொல்லிக்கொடு. தப்பு எங்க பண்ணினேன்னு தெரியாம நான் ஊருக்குப் போகமாட்டேன்."

"தப்பு நீங்க பண்ணலை மாமி. நான்தான்…"

"மேல வெளிச்சம் தெரிஞ்சுதா, பெருமாளை நெனச்சுண்டு கண்ணை மூடிண்டேன். கண்ணை மூடினா கை தானா மூக்குக்குப் போயிடுத்து. அம்பது வருஷப் பழக்கம்டீ. நீ ஒரு வார்த்தை சொன்னே, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்கும் சேர்த்து நீயே அழுவியா?"

நான் அப்போதுதான் அழுதேன். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையும் கொட்டியது. மாமி தன் புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். மாமா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். 

"கண்ணாடியை யார்கிட்ட குடுக்கறது?" என்றார் என்னிடம்.

எனக்குப் புரியவில்லை.

"நானும்தான் வரேன். கண்ணாடியோட எப்படி மூஞ்சியை வைக்கறது?"

தலைமைப் பயிற்சியாளர் சம்மதித்து, தானும் கூடவே தண்ணீரில் வந்து நின்றார். அன்றைக்கு இரண்டு பேருக்கும், காவேரிப் பேச்சே எடுக்காமல், முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். மாமா பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கியவர், தண்ணீர் இடுப்புக்கு வந்ததைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் புகார் எதுவும் கொடுக்கவில்லை. என் வேலை தப்பியது.

அந்த ஆடியில், அங்கே மழை சீசனுக்குக் கடையை மூடியதும், நான் ஊருக்கு வந்தேன். ஸ்ரீரங்கத்தில் மாமி வீட்டில் சாப்பாடு. அதற்கு முன்னால் மாமி என்னை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. இரண்டு படி இறங்கிய மாமி, மூக்கைப் பிடித்தவர், அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க மூச்சைப் பிடிச்சுக்கலாமோன்னோ?"

"பிடிச்சுக்குங்க மாமி!" என்றேன். படியில் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் சிரிப்பைப் பார்த்தார்கள். மாமி முங்கினார். என் கண், பழக்க தோஷம், தண்ணீரில் குமிழியைத் தேடியது. மாமி எழுந்து, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும்வரை நானும் மூச்சு விடவில்லை.

இப்போது யார் கற்றுக்கொள்ள வந்தாலும் நான் முதலில் கேட்பது, "சின்ன வயசில் எந்தத் தண்ணீரில் குளித்தீர்கள்?" என்றுதான். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்த் தண்ணீரையும் உடம்பில் சுமந்துகொண்டுதான் கடலுக்குள் வருகிறார்கள் என்பதை, என் தப்பை மன்னித்த கையோடு எனக்குப் புரியவைத்தவர் அந்த மாமி.