கம்பிவாசலில் அன்னபாக்கியம்

மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்து நாலாவது வருஷம், எங்கள் தோட்டத்து ஆபீஸ் கணக்கைப் பார்த்த பெரிய கிராணி குமாரசிங்கத்துக்கு வேலை போனது. ஈஜோக்குக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டியிருந்த தோட்டம். கம்பெனிக் காகிதங்களில் அதற்கு ஒரு சீமைப் பெயர் உண்டு. எங்கள் நாக்குக்கு அது வராததால் ஆத்தோரத் தோட்டம் என்போம். கொரியாவில் சண்டை நடந்தபோது ரப்பர் விலை ஏறியது. ஏறியதைக் கம்பெனி எங்களிடம் சொல்லவில்லை. இறங்கியதை மட்டும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கூட்டிவைத்துச் சொன்னது. கூலி குறைந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆபீசையும் எங்கள் ஆபீசையும் ஒன்றாக்கினார்கள். அப்போதுதான் இரண்டு பெரிய கிராணிகளில் ஒருவர் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள்.

துரை வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டிப் பத்தொன்பது வருஷம் பழகியவர் குமாரசிங்கம். அவருக்கு ஒரு மாதச் சம்பளமும், நேர்மை, உழைப்பு, விசுவாசம் என்று மூன்று சொல் போட்ட நற்சான்றிதழும் கொடுத்தார்கள். அவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார், கைக்காசில்.

அவருடைய மனைவி அன்னபாக்கியம். பிற்பாடு, பால்வெட்டுக்காரி கங்காவான எனக்குத் தோழியானதால் அவள் என்றே எழுதுகிறேன். அப்போது அப்படிச் சொல்லியிருந்தால் என் கங்காணி என் தோலை உரித்திருப்பார். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். இங்கே வந்த பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்ததில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொட்டதில்லை. தீபாவளிக்கு நாங்கள் கொண்டுபோகும் முறுக்கை வேலைக்காரியை விட்டு வாங்கச் சொல்வாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் அந்த முறுக்கில்தான் கொழுத்தன.

பங்களாவைக் காலிசெய்யப் பத்து நாள் தவணை. யாழ்ப்பாணத்துக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே ஏன் வந்தாய் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மகள் பராசக்தி கிள்ளானில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ரவாங்கில் ஆனந்தராஜா என்று ஒரு பழைய சிநேகிதர் இருந்தார். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்று, ஏதோ ஒரு நல்வாழ்வுச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். இரண்டு மாதம் தங்க இடம் கேட்டு அவருக்கு எழுதினார்கள். 'மனம் கலங்க வேண்டாம், காலம் மாறும்' என்று தபால் அட்டையில் பதில் வந்தது. இடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கடைசியில் இடம் கொடுத்தவர் கடைக்கார மீரா சாகிபு. லயங்களைச் சுற்றி இரட்டை முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்திருந்த காலம் அது. அந்த வாசலுக்கு உள்பக்கம் அவர் கடை. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசிக்கு ரேஷன். வாசலைத் தாண்டி ஒரு பருக்கை போகக் கூடாது. பால் டின் விற்றால்கூட, சேர்த்துவைக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும்.

"அரிசி மூட்டை அடுக்குற எடம்தாம்மா" என்று பின்கட்டைத் திறந்து காட்டினார் மீரா சாகிபு. "இப்ப அரிசி எங்க வருது. மனுசங்களாவது இருக்கட்டும்."

குமாரசிங்கம் அந்தக் கிட்டங்கியிலும் காலை ஆறு மணிக்கு நீளக் காற்சட்டை போட்டு, கழுத்துப் பட்டி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கம்பெனி தவறை உணர்ந்து கடிதம் போடும் என்பது அவர் கணக்கு. அப்படி ஐந்து மாதம் உட்கார்ந்தார். கம்பெனிக்கு வேறு வேலை இருந்தது.

ஒருநாள் அன்னபாக்கியம் கேட்டாள். "இஞ்சாருங்கோ, வாசலில பொம்பிளையளைச் சோதிக்க ஆள் தேடினமாம். மாசம் அறுபது வெள்ளி."

"அதுக்கு?"

"உங்களை எடுக்கமாட்டினம். பொம்பிளைதான் வேணுமாம்."

"கூலியளின்ர இடுப்பைத் தடவ என்ர பெண்சாதியோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் எல்லாம் சொல்லி முடிச்சிட்டுது. பராசக்தியின்ர பள்ளிக்கூடக் காசுதான் இன்னும் முடியேல்ல."

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் மீரா சாகிபு பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஆகவே அன்று மத்தியானத்துக்குள் இந்தப் பேச்சு தோட்டம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

வாசலோரம் சாக்குப் படுதா கட்டிய ஒரு குடிசை. விடிந்ததும் நாங்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நிற்போம். ஒவ்வொருத்தியாக உள்ளே போக வேண்டும். முதல் நாள் அன்னபாக்கியம் எங்களை இரண்டு விரல் நுனியால் தொட்டாள், சூடான சட்டியைத் தொடுகிற மாதிரி. எனக்கு அது பொறுக்கவில்லை.

"நல்லாத் தடவுங்கம்மா" என்றேன். "பன்னெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் கை படுது."

வெளியே வரிசை முழுவதும் சிரித்தது. அவள் கண் நிறைந்தது, வழியவில்லை. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் மறுநாள் வேறொன்று சொன்னேன். ஒவ்வொரு நாளும் ஒருத்தி முறை வைத்துச் சொன்னோம். கூலி குறைந்து, வேலிக்குள் அடைபட்டு, அளந்து போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்த எங்களுக்கு, எங்களைவிட விழுந்த ஒருத்தி கிடைத்தது பெரிய ஆறுதலாக இருந்தது. நல்ல குணம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் நான் உள்ளே போய், "கிராணியம்மாவுக்குக் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றேன்.

"கிராணியம்மாவைப் பங்களாவிலேயே விட்டிட்டு வந்திட்டன்" என்றாள். "இஞ்ச நிக்கிறது அன்னபாக்கியம். கையைத் தூக்கு."

முழு உள்ளங்கையால் தடவினாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன். வெகுநாள் கழித்து அதைப் பற்றிக் கேட்டபோது சொன்னாள்: "வெக்கம் பதினொரு நாள்தான் கங்கா. நான் எண்ணிப் பாத்தனான். பிறகு அதுக்கே களைச்சுப்போகுது."

கூலி இரண்டாம் தடவை குறைந்தபோது தோட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கம்பெனி உடனே ஒரு மருந்து கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு. தலைப்பு 'கலங்காத உள்ளம்'. பேச வந்தவர் ரவாங் ஆனந்தராஜா. துரையின் காரில் வந்து இறங்கினார். வெள்ளை உடுப்பில் மடிப்புக்கூடக் கலங்கவில்லை.

"கஷ்டம் வெளியில் இல்லை, நம் மனத்தில்தான் இருக்கிறது" என்று ஒரு மணி நேரம் விளக்கினார். குறைவு என்று நினைத்தால்தான் குறைவாம்.

பால்மரம் வெட்டும் சன்னாசி எழுந்தான். "ஐயா, ஒரு சந்தேகம். அப்ப சம்பளத்தையும் மனசுலயே போட்டுடுவாங்களா?"

கங்காணி அவனை உட்காரச் சொன்னார். ஆனந்தராஜா சிரித்தார். கூட்டம் கலைந்தபோது எதிரே அன்னபாக்கியத்தைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அண்ணை" என்று அவளே கூப்பிட்டாள். "உங்கட போஸ்ட்காட் கிடைச்சது. நீங்கள் சொன்னபடி கலங்காமல் இருக்கிறம். கிட்டங்கியில இருக்கிறம்."

"சந்தோஷம், சந்தோஷம்" என்று சொல்லிக்கொண்டே அவர் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. வரிசையில் எனக்கு முன்னால் நல்லம்மாள் நின்றாள். ஏழு மாதக் கர்ப்பம். விடியற்காலையில் எது சாப்பிட்டாலும் அவளுக்கு வயிற்றில் நிற்காது. பத்து மணி வெயிலில் பசி வந்து கண்ணை இருட்டும். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோனால் சிறை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தி அப்படித்தான் போயிருந்தாள்.

நல்லம்மாள் உள்ளே போனாள். படுதா கிழிந்திருந்த இடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது. அன்னபாக்கியத்தின் கை இடுப்புச் சேலை மடிப்பில் நின்றது. வெளியே எடுத்தாள். கைப்பிடி அளவு சோற்று உருண்டை, நெத்திலிக் கருவாடு போட்டுப் பிசைந்தது.

"பசிக்கிதும்மா" என்றாள் நல்லம்மாள்.

உள்ளே போனவள் வெளியே வரத் தாமதமானதும், வாசலில் காவலுக்கு நின்ற மலாய்க்கார போலீஸ் கார்ப்பரலுக்குச் சந்தேகம். பூட்ஸ் சத்தம் குடிசையை நோக்கி வந்தது. தரை மொட்டைத் தரை, ஒளிக்க ஓர் இடமில்லை. அன்னபாக்கியம் அந்த உருண்டையைப் பார்த்தாள். பிறகு முழுசாகத் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்துச் சைவம். வெள்ளிக்கிழமை. லயத்துப் பெண்ணின் இடுப்பிலிருந்து எடுத்த கருவாட்டுச் சோறு. அவள் வம்சத்தில் அதுவரை செத்தவர்கள் எல்லாரும் அன்று ஒரு தடவை புரண்டு படுத்திருப்பார்கள்.

கார்ப்பரல் படுதாவை விலக்கினான். வாயில் என்ன என்று மலாயில் கேட்டான். அவள் ஊதிய கன்னத்தோடு, "சீரே" என்றாள். வெற்றிலையாம். அவன் அந்தக் கன்னத்தைப் பார்த்தான்; நல்லம்மாளின் வயிற்றைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. அன்று ஒரு நிமிஷம் முட்டாளாக இருந்துவிடுவது என்று முடிவு செய்தான். அடுத்த ஆளை வரச் சொல்லிவிட்டுத் திரும்பினான். அடுத்த ஆள் நான். அவள் என்னைத் தடவியபோது இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

வேலை முடிந்து திரும்பியதும் நேராக அவளிடம் போனேன்.

"உப்புக் கூடிப்போச்சு" என்றாள் அவளே. "முள்ளும் எடுக்கேல்ல."

"அடுத்த தடவ பாத்துச் செய்யச் சொல்றேங்கம்மா."

"அடுத்த முறை எண்டு ஒண்டு இல்லை. என்னால ஒவ்வொரு நாளும் தின்னேலாது. வேற வழி பாக்கோணும்."

பிறகு படலைத் தள்ளிக்கொண்டு கிட்டங்கிக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். குமாரசிங்கம் கழுத்துப் பட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பெட்டிசம் எழுதுங்கோ" என்றாள். "துரைக்கு."

"நான் இப்ப ஆபீஸ் ஆள் இல்லையே."

"அதுதான் வசதி. தலையாட்டிக்கொண்டு எழுதத் தேவையில்லை."

அவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் பேனாவை எடுத்தார். ஐந்து மாதம் சும்மா இருந்த கை. நாலு பக்கம் ஓடியது. முதல் பக்கம் முழுவதும் துரைக்கு வணக்கம் சொல்லியே தீர்ந்துவிட்டது. கர்ப்பிணிகள் படும் பாட்டை மூன்றாம் பக்கத்தில் உருக்கமாக எழுதி, எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதை வெட்டுங்கோ" என்றாள் அன்னபாக்கியம். "மனுசி மயங்கி விழுவாள் எண்டால் துரைக்கு என்ன? பால் வாளி கவிழும் எண்டு எழுதுங்கோ. ஒரு வாளி கவிண்டால் எவ்வளவு நட்டம் எண்டும் போடுங்கோ."

நாலு பக்கம் அரைப் பக்கமானது. மூன்றே நாளில் உத்தரவு வந்தது. கர்ப்பிணிப் பெண்களுக்கு மட்டும் காலை பத்து மணிக்குக் காவலோடு லோரியில் கஞ்சி போகும். மனுஷிக்கு இரங்காத கம்பெனி வாளிக்கு இரங்கியது. கஞ்சி லோரி முதல் நாள் போனபோது சன்னாசி தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, தனக்கும் மூன்று மாதமாகத் தலைசுற்றல் என்றான். நல்லம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்ல கனத்தோடு.

அதன் பிறகு குமாரசிங்கத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போன தம்பியைப் பார்க்க அனுமதி, தொலைந்த அடையாள அட்டை, கிடைக்காத பிரசவப் பணம் என்று எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டியிருந்தது. சட்டம் பெருகப் பெருக அவருக்கு வேலை பெருகியது. மீரா சாகிபு கடை முன்னால் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். ஒருநாள் உச்சி வெயிலில் அவர் கழுத்துப் பட்டியை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டார். மறுபடி எடுத்துக் கட்டியதை நான் பார்க்கவில்லை. ஆனால் தபால்காரன் மணி அடித்தால் மட்டும் கடைசிவரை நிமிர்ந்து பார்ப்பார். சில நோய் அப்படி.

கல்லால் செய்த பெண் என்று அன்னபாக்கியத்தை நினைக்க வேண்டாம். பராசக்தியின் காது நகையை விற்ற வாரம் அவள் யாரோடும் பேசவில்லை. நான் ஆறுதல் சொல்லப் போனேன். "இண்டைக்கு என்னை விடு கங்கா, நாளைக்குச் சிரிக்கிறன்" என்றாள். அடுத்த நாள் சிரிக்கவில்லை. நாலைந்து நாள் ஆனது.

சில வருஷம் கழித்து எங்கள் வட்டாரத்தைக் கம்யூனிஸ்டுகள் தொல்லை ஒழிந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, ரேஷனை நீக்கினார்கள். வாசலைப் பிடுங்கிய அன்று கம்பெனி ஒரு விழா வைத்தது. பந்தல், மாலை, எல்லாருக்கும் சாப்பாடு. ஆனந்தராஜாவும் வந்திருந்தார். இந்தத் தோட்டத்து மக்கள் அசையாமல் நின்றதற்குத் தன்னுடைய அன்றைய சொற்பொழிவும் ஒரு சிறு காரணம் என்று அடக்கத்தோடு சொல்லிக்கொண்டார். நன்றிப் பட்டியல் வாசித்தார்கள். பட்டாளத்துக்கு நன்றி, துரைக்கு நன்றி, ஆனந்தராஜாவுக்கு நன்றி, கஞ்சி லோரி ஓட்டியவனுக்கும் நன்றி.

அன்னபாக்கியம் எங்களோடு தரையில் வாழையிலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றோடு அவளுக்கு வேலை இல்லை. வாசலே இல்லாதபோது சோதிக்கிறவள் எதற்கு.

"ஒங்க பேர வாசிக்கவே இல்லியேக்கா" என்றாள் நல்லம்மாள், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு.

"நல்லதாப் போச்சு" என்றாள் அன்னபாக்கியம். "பேர் வாசிச்சால் எழும்பி நிக்கோணும். சோறு ஆறிப்போகும்."

நாளைக்கு என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்டேன். அவள் இலையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னாள்.