வண்டி ஊதினால் ஐந்து சுற்று

கிளியம்மாளுக்குத் தூண்டிலும் தேவையில்லை, வலையும் தேவையில்லை. முடிச்சூருக்கு மேற்கே, ஏரி மதகிலிருந்து அடையாற்றுக்குப் போகும் கால்வாயில் முழங்கால் தண்ணீரில் குனிந்தபடி நடப்பாள். சேற்றில் இரண்டு கையையும் விட்டுத் தடவினால் கெளுத்தியா, குரவையா என்று விரலே சொல்லிவிடும். இடுப்புக் கயிற்றில் கட்டிய மண்பானை பின்னால் மிதந்து வரும். பிடித்தது அதற்குள் போகும். புருஷன் கல்குவாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்தக் கால்வாய்தான் சோறு போட்டது. தாம்பரம் மார்க்கெட்டில் "கிளி மீன்" என்றால் துள்ளுகிற மீன் என்று அர்த்தம்.

எண்பத்தேழில் வந்தது வினை. பாசன நிலமெல்லாம் ப்ளாட் கல் நட்டுப் போனபின் மதகுத் தண்ணீரைக் கேட்க நாதியில்லை. ஒரு இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள் மதகடியில் சின்னதாக ஒரு டர்பைனை வைத்துக் கரண்ட் எடுத்தார்கள். அதுவரை இரவும் பகலும் சீராக ஓடிய தண்ணீர், காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் திறந்ததும் பாய்ந்து வந்தது. காலேஜில் லேத் ஓடியது. பன்னிரண்டுக்கு ஷட்டரை ஒரே மூச்சில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் மறுநாள் எட்டு வரை கால்வாய் காய்ந்து கிடக்கும்.

மீனுக்குப் பிடித்தது சனி. பாய்ச்சலில் பாசியும் புழுவும் அடித்துக்கொண்டு போயின. புதுத் தண்ணீர் என்று நம்பி அடையாற்றிலிருந்து ஏறி வந்த கெண்டைகள் கரையோரப் புல்லில் முட்டை வைத்தன. ஒரு மணி வெயிலில் அத்தனையும் அப்பளமாயின. குழியில் சிக்கிய குஞ்சுகளைக் காக்கை பொறுக்கியது. ஒரே மாதத்தில் அவள் பானை காலியாகக் கரையேற ஆரம்பித்தது. இன்னும் மூன்று வாரத்தில் அதிகாரிகள் வந்து பார்த்து, டர்பைனை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. ஆகிவிட்டால் கால்வாய் செத்தது, அவள் பிழைப்பும் செத்தது.

செத்த குஞ்சுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு மதகுக்குப் போனாள். காலேஜ் வாத்தியார் ஸ்ரீரங்கன் நோட்டும் கையுமாக நின்றிருந்தார்.

"இன்னா சார் இது? நீ கரண்ட் எடுக்கிறியா, கருவாடு போடுறியா?"

ஷட்டர் சக்கரம் சுற்றுகிற லாசரஸ் சிரித்துவிட்டான். வாத்தியார் சிரிக்கவில்லை. "முன்னாடி ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி போச்சோ, இப்பவும் அதே அளவுதாம்மா போகுது. எழுதி வெச்சிருக்கேன்."

"ஏழு நாள் சோத்த ஞாயித்துக்கெழமயே துண்ணுட்டு மிச்ச நாள் பட்டினி கெட சார். அளவு சரியாத்தான் வரும்."

வாத்தியார் முறத்தையே பார்த்தார். நல்ல மனுஷன், நோட்டை மூடிவிட்டார். "என்ன பண்ணணும்ங்கறீங்க?" என்றார்.

"பேய் மழ பேஞ்சாக்கூட தண்ணி வடிய ரெண்டு நாள் ஆவுது. மீனுக்கு அவகாசம் குடு. பதினோரு மணிக்கே லேத்த நிறுத்திட்டு பாடம் நடத்து. செங்கல்பட்டு போற யூனிட் ரயில் வண்டி ஊதுனா லாசர் அண்ணன் அஞ்சு சுத்து எறக்கட்டும். அடுத்த வண்டி ஊதற வரிக்கும் கைய வெக்கக் கூடாது. நாலு வண்டிக்கு இருவது சுத்து. மிச்சம் கீற ரெண்டு சுத்து மூடவே வாணாம். தெறக்கறதும் இப்டித்தான், கொஞ்சங் கொஞ்சமா."

"வண்டி லேட்டா வந்தா?" என்றான் வாட்ச் இல்லாத லாசரஸ்.

"நீயும் லேட்டா சுத்துண்ணா. மீனு இன்னா ஆபீசுக்கா போவுது?"

மறுநாளே வாத்தியார் அப்படிச் செய்து பார்க்கச் சொன்னார்.

மூன்றாம் வாரம் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். "ஷட்டரை மூட ரெண்டு மணி நேரமா? என்னய்யா கூத்து?" என்று அவர்களில் பெரியவர் எரிந்து விழுந்தார். ஸ்ரீரங்கன் கால்வாயைக் கைகாட்டினார்.

கிளியம்மாள் தண்ணீரில் நின்றிருந்தாள். "சத்தம் போடாம எறங்கி வா சார்."

கரையோரப் புல்லருகே, உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் சிவப்பாகத் தண்ணீர் கொதித்தது. விரால் குஞ்சுகள். அடியில் தாய் விரால் கருப்பாகக் காவல் நின்றது. கரையில் பத்துக் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

முதல் வண்டி ஊதியது. லாசரஸ் ஐந்து சுற்று இறக்கினான். தண்ணீர் ஒரு சாண் வடிந்தது. தாய் வாலை ஒரு தட்டுத் தட்டி நகர, சிவப்பு மேகம் பின்னாலேயே போயிற்று. இரண்டாவது வண்டி. இன்னொரு சாண், இன்னொரு தட்டு. நான்காவது வண்டி ஊதி அடங்கியபோது கரையோரம் முழுக்கக் காய்ந்திருந்தது. குஞ்சுகளோ நடுப்பள்ளத்தில், நிற்காத தண்ணீரில், ஒன்று குறையாமல் கொதித்துக்கொண்டிருந்தன. காக்கைகள் ஒவ்வொன்றாகப் பறந்தன.

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்ற பெரியவர் குரல் தணிந்து கேட்டார்: "பெரிய விராலா இருக்கே, பிடிக்கலையாம்மா?"

"குஞ்சோட கீற தாய தொட்டா கை வெளங்குமா சார்?"

டர்பைனுக்கு அனுமதி கிடைத்தது, அவள் சொன்ன மாதிரி மூடித் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மதகுச் சுவரில் லாசரஸ் தாரால் பெரிதாக எழுதினான்: "வண்டி ஊதினால் 5 சுற்று. கிளி உத்தரவு."

அந்தத் தை மாதம் ஒரு பானை போதவில்லை. கயிற்றில் இரண்டாவது பானையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.