இடுப்பளவுத் தண்ணீர்

‘தொம்’, ‘தொம்’ என்று கிணற்றுக்குள் ஆள் குதிக்கும் சத்தம், சித்திரை மாத வெயிலில் எங்கள் தெருவரைக்கும் கேட்கும். மேலத்தெருப் பிள்ளைகள் முதுகில் ‘சுரைக்குடுக்கை’யைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகுகிற சத்தம் அது. பின்னாலேயே சிரிப்பும், பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தவனைக் கேலி செய்யும் கூச்சலும் வரும். நாங்கள் கேட்பதோடு சரி. அந்தக் கிணற்றுத் தண்ணீரை மிளகாய்க்கும் பருத்திக்கும் மடை திருப்பிப் பாய்ச்சியது என் அய்யாவும் அண்ணனும்தான் என்றாலும், அதற்குள் கால் வைக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. குடிதண்ணீர் வேண்டுமென்றால் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனசு வைத்து ஊற்றினால் உண்டு.

ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், தோட்டத்துக்காரர் அந்தக் கிணற்றுக்குப் புதிதாக ஆயில் என்ஜின் வாங்கினார். அதைப் பூட்ட விருதுநகரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பாதி வேலையில் அவர் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. மேலத்தெருப் பிள்ளைகள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் தண்ணீர் கலங்காமல் தெளிந்து கிடந்தது. உள்ளே மூழ்கியிருந்த படிக்கல் ஒன்றில் ஸ்பானர் பளபளவென்று கிடப்பது மேலிருந்தே தெரிந்தது.

மெக்கானிக் வெளியூர்க்காரர். அவர் கண்ணில் பட்டவன், மண்வெட்டியோடு நின்ற என் அண்ணன். “ஏலே தம்பி, எறங்கி எடுத்துட்டு வாலே” என்றார். அண்ணன் தோட்டத்துக்காரரைப் பார்த்தான். அவர் கொஞ்சம் யோசித்தார். வேலை நின்றுவிடக் கூடாதே என்ற அவசரம் அவருக்கு. “எடுத்த ஒடனே ஏறிரணும். தண்ணிய அளையக் கூடாது, தெரியுதாலே” என்றார். வாழ்நாள் முழுக்க எங்களை இறங்கவிடாமல் வைத்திருந்த மனிதருக்கு, அதனாலேயே எங்களுக்கு நீச்சல் தெரியாது என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

நானும் அண்ணனுக்குப் பின்னால் இறங்கினேன். தண்ணீருக்கு மேலே இருந்த கடைசிப் படியில் நின்று அவன் சாய்வாக எட்டிப் பார்த்தான். “இடுப்பளவுதாம்லே. இந்தா, பிடி” என்று வேட்டியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தான். சட்டையைக் கழற்றவில்லை. இடுப்புக்கு மேலே நனையாது என்று நினைத்துவிட்டான். ஒரு கையால் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் காலை வைத்தான். அங்கே கல் இல்லை. சத்தமில்லாமல் உள்ளே போனான்.

மேலே வந்தான், மறுபடியும் போனான். வாயைத் திறந்தபோதெல்லாம் தண்ணீர்தான் உள்ளே போனது. மேலே நின்ற தோட்டத்துக்காரர் அந்த வட்டாரத்தில் பேர் போன நீச்சல்காரர். மூச்சடக்கி அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருவார் என்று பேசிக்கொள்வார்கள். அவர் குதிக்கவில்லை. மாடு கட்டி இறைக்கிற கமலையின் வடத்தை எடுத்து வீசினார். “வடத்தப் பிடிலே, வடத்தப் பிடி” என்று கத்தினார். எப்படியோ அண்ணன் கைக்கு வடம் சிக்கியது. அய்யா ஓடிவந்து அதை இழுத்து அவனைக் கரையேற்றினார். வடத்தின் நுனியை மட்டும் தோட்டத்துக்காரர் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் குப்புறக் கிடந்து கக்கினான். “கெணத்தடியிலேயே கெடக்கீக, நீச்சத் தெரியாதாக்கும்?” என்று மெக்கானிக் கேட்டார். தோட்டத்துக்காரர் முந்திக்கொண்டு பேச்சை மாற்றினார்: “நீச்சத் தெரியாட்டி என்ன, ஒரு வாரத்துத் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சுட்டான்ல. இனி இவுக வீட்டுப் பொம்பளைக கொடத்தத் தூக்கிட்டு வர வேண்டாம்.” மெக்கானிக் சிரித்தார். என் அய்யாவும் சிரித்தார். வடம் உரசியதில் தோல் உரிந்துபோன உள்ளங்கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “தெரியாம நடந்துபோச்சு சாமி” என்று சொன்னார்.

கிணறு தீட்டுப்பட்டுவிட்டது, முழுக்க இறைத்துவிட வேண்டும் என்று சாயங்காலம் மேலத்தெருவில் முடிவானது. பூட்டி முடிக்காத என்ஜின் ஓடாது. அதனால் மாடுகளைக் கட்டிக் கமலை இறைக்கிற வேலை அய்யாவுக்கே வந்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, துணி சுற்றிய கைகளோடு, தன் மகன் மூழ்கிய தண்ணீரை அவர் இறைத்துக் கொட்டினார். தண்ணீர் வற்றியதும் தோட்டத்துக்காரரின் வளர்ந்த மகன் இறங்கி ஸ்பானரை எடுத்தான். அந்தக் கல்லில் அவன் நின்றபோது, சுவரிலிருந்த ஈரக்கோடு அவன் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது.

கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த பிள்ளைகளில் ஒருவன், என்னைவிடச் சின்னவன், அண்ணனைப் பார்த்து, “தண்ணி அடியில கெடக்கத மேல தூக்கிக் காட்டும்லே. இதுகூடத் தெரியாதா ஒனக்கு?” என்று கேட்டான். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். ஒரு கோடை குதித்து விளையாடினால் எந்தப் பிள்ளைக்கும் கால் சொல்லிக்கொடுத்துவிடுகிற விஷயம். குடத்துக்குள் நாங்களும் எட்டிப் பார்த்திருக்கிறோம்தான். ஆனால் குடத்தின் அடியை நம்பி யாரும் காலை வைப்பதில்லை.

அதன்பிறகு அண்ணன் அந்தத் தோட்டத்துக்குப் போகவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கப் போனான். பிறகு தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலை.

என் மகள் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் டம்ளர் தண்ணீரில் பென்சிலைப் போட்டு, “அப்பா, முறிஞ்ச மாதிரி தெரியுது பாருங்க” என்றாள். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைந்துவிடுகிறதாம். சாய்ந்து பார்க்கப் பார்க்க ஆழம் இன்னும் குறைந்து தெரியுமாம். நான் தலையாட்டினேன். ஒரு டம்ளர் தண்ணீரில் அடங்கிவிடுகிற பாடம் அது.

போன மாதம் லோடு ஏற்றப் போன பட்டாசுக் கம்பெனி, அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது. மிளகாயும் இல்லை, பருத்தியும் இல்லை. சுற்றிலும் போர் போட்டுக் கிணறு வற்றிப் பல வருஷமாகிவிட்டது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லாததால் ஆழம் உள்ளபடியே தெரிந்தது. நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்த காவல்காரர் பக்கத்தில் வந்து, “எறங்கிப் பாக்கணும்னா பாருங்கண்ணே, இங்கன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக” என்றார்.