மெரிட்டாவுக்கு ஒரு சான்று

சக்கரபாணி அண்ணன் முதன்முதலாக என் கடைக்கு வந்தது 2008இல். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். 'லூர்துமேரி கடையா? அந்தம்மா கடிச்சி வெச்சிடும்' என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும். கீபோர்டில் டீயை ஊற்றுகிறவனைக் கொஞ்சவா முடியும்?

காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக வந்து நின்றார். திண்டிவனம் - விழுப்புரம் தடத்தில் கண்டக்டர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நானே அவர் பஸ்ஸில் போயிருக்கிறேன்.

"தங்கச்சி, நெட்டுல ஒரு கலைக்களஞ்சியம் இருக்குதாமே, யார் வேணா எழுதலாமாம். அதுல ஒரு வண்டியப் பத்தி எழுதணும்."

"இன்னா வண்டிண்ணா?"

"மெரிட்டா."

மெரிட்டா 1993இல் வந்த மோட்டார் சைக்கிள். இந்தப் பக்கம் அப்போது சைக்கிளும் மொபெட்டும்தான் அதிகம். பெட்ரோல் குடிக்காது என்று ஆளாளுக்கு வாங்கினார்கள். கம்பெனி அப்புறம் இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டது. வண்டிகள் மட்டும் கை மாறிக் கை மாறி, பால் கேன் கட்டிக்கொண்டும் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

தேடிக் கொடுத்தேன். தமிழிலேயே ஒரு சின்னக் கட்டுரை இருந்தது. 'குடும்பத்துக்கு ஏற்ற பாதுகாப்பான வண்டி' என்று ஒரு வரி, அதன் தலையில் ஒரு எண், அடியில் அதற்குச் சான்றாக அந்தக் காலத்து மோட்டார் இதழ் ஒன்றின் பெயர். அண்ணன் அதைப் படித்துவிட்டு, "பொய்யி!" என்று கத்தினார். பக்கத்து சீட்டில் ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்த பெண் பயந்து எழுந்தே விட்டாள். நான் விடுவேனா? "இது உங்க பஸ்ஸு இல்லண்ணா, விசில் ஊதறதுக்கு. மெல்லப் பேசுங்க" என்றேன். அப்போதுதான் அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று கேட்டேன்.

அண்ணனுடையது வளவனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். தம்பி சுகுமார் ஆசை ஆசையாய் மெரிட்டா வாங்கினான். 1997இல் ஒரு முகூர்த்த நாள். மயிலம் கோயிலில் சொந்தக்காரர் கல்யாணம். திண்டிவனத்திலிருந்து அண்ணனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தம்பி ஓட்டினான். கூட்டேரிப்பட்டில் மயிலம் ரோட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினான்.

"டங்குனு ஒரு சத்தம். அவ்ளோதான் தங்கச்சி. எழுந்து பாக்கறேன், சைடு ஸ்டாண்டு தொங்கிக்கினு கெடக்குது. நுனியில தாரு ஒட்டியிருக்குது. ஸ்ப்ரிங்கு தளர்ந்து தானா எறங்கிட்டிருக்கு. அது ரோட்டுல குத்தி வண்டியத் தூக்கி அடிச்சிடுச்சி. எனக்குத் தோள்பட்ட எலும்பு ஒடஞ்சிது. அவனுக்கு மண்ட."

ஊர் என்ன சொன்னது? ஸ்பீடாகப் போனான், தண்ணி போட்டிருந்தான் என்றது. சுகுமாரின் பெண்சாதி தமிழ்ச்செல்வியிடம் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அந்த முனையை அண்ணன் தினமும் தாண்டிப் போக வேண்டும். தாண்டுவது மட்டுமா, 'கூட்டேரிப்பட்டு, மயிலம் எறங்கறவங்க வாங்க' என்று தன் வாயாலேயே கூப்பிட வேண்டும்.

"ஒரு வரி போதும். ஸ்டாண்டு ஸ்ப்ரிங்கு தளர்ந்துடும், பாத்துக்கோன்னு ஒரு வரி. இன்னும் அந்த வண்டி வெச்சிக்கினு இருக்கறவன் ஒரு தபா குனிஞ்சி பாப்பான்."

"பால் கேன் கட்டினவன் நெட்டுல வந்து படிப்பானாக்கும்?"

"அவன் புள்ள படிக்கும்."

கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன்.

அன்றைக்கே எழுதினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, 'இந்த வண்டி என் தம்பியைக் கொன்றது' என்று முடித்தார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்த வரி காணாமல் போயிருந்தது. யாரோ ஒரு நிர்வாகி, சேலத்துக்காரராம், பணிவாய் ஒரு குறிப்பு விட்டிருந்தார்: 'வணக்கம். இங்கே சொந்த அனுபவத்தை எழுதுவதில்லை. நம்பகமான, வெளியான சான்று தேவை.'

"இன்னாமா இது பேஜாரு? கூட இருந்து உழுந்தவன் நானு. என்னை விட இன்னா சான்று வேணுமாம்?"

மறுவாரம் வேறு மாதிரி எழுதினார். இந்தத் தடவை சான்று என்ற கட்டத்தை அவரே நிரப்பினார். என்ன போட்டார் தெரியுமா? தன் பெயர், கண்டக்டர் நம்பர், தடம் எண், சம்பவம் நடந்த பஸ் ஸ்டேஜ், நேரம். டிரிப் ஷீட் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார். இருபது வருஷப் பழக்கம், வேறு எப்படி எழுதுவார்? நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சேலத்துக்காரர் சிரிக்கவில்லை. 'ஐயா, செய்தித்தாளிலோ இதழிலோ நூலிலோ வெளியாகியிருக்க வேண்டும்' என்று எழுதி, எப்படிச் சுட்டுவது என்று பொறுமையாக விளக்கினார். தலைப்பு இங்கே, நாளிதழின் பெயர் இங்கே, நாள் இங்கே, பக்கம் இங்கே.

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். பஸ் விழுப்புரத்தில் நிற்கும் இடைவேளையில் நூலகத்துக்கு ஓடுவார். மெரிட்டாவைத் தேடிப் புரட்டுகிற பழைய மோட்டார் இதழ்களில் எந்த வண்டிக்கு எத்தனை சிசி, எந்த வருஷம் வந்தது என்று குறித்துக்கொண்டு, லீவு நாளில் என் கடையில் உட்கார்ந்து ஏற்றுவார். பக்க எண் தப்பாது. ஒரு வருஷத்தில் ஊரில் ஓடின மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் கட்டுரை ஒழுங்காகிவிட்டது. கலைக்களஞ்சியத்தில் அண்ணனின் பெயருக்கென்று இருந்த பக்கத்தில் சேலத்துக்காரர் ஒரு பதக்கப் படம் ஒட்டிப் பாராட்டினார். எனக்கே பெருமை, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதை மடித்துப் பையில் வைத்தார். "மெரிட்டா இன்னும் அப்படியேதான கெடக்குது" என்றார்.

மெரிட்டாவின் ஸ்டாண்டைப் பற்றி எந்த இதழும் ஒரு வார்த்தை எழுதவில்லை. மிச்சம் இருந்தது விபத்துச் செய்தி மட்டும்தான். சுகுமார் செத்த மறுநாள் பேப்பரில் வந்ததாகச் சொல்வார்கள். அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்ததால் படித்ததில்லை. பழைய நாளிதழ்க் கட்டுகளை எடுத்துப் பார்க்க நூலகத்தில் அனுமதி வாங்கவே மாதக்கணக்கானது. கடைசியில் ஒரு நாள் வந்தார். ஜெராக்ஸை என் மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நான் படித்தேன். 'சாலையின் குறுக்கே நாய் ஓடியதால் நிலைதடுமாறி விழுந்து பலி. உடன் சென்ற அண்ணன் சக்கரபாணி போலீசில் தெரிவித்தார்.'

"இன்னாண்ணா இது, நாயா? நீங்களா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். பேப்பர்காரனாவது வண்டியப் பாத்துட்டு எழுதியிருப்பான்னு நெனச்சேன்."

நடந்தது இதுதான். போலீஸ் காகிதங்களைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கவென்றே பிணவறை வாசலில் நிற்கிற ஆள் ஒருவன் இருப்பான், எல்லா ஊரிலும் இருப்பான். அன்றைக்கு இருந்தவன், தோளில் கட்டோடு வந்து உட்கார்ந்திருந்த இவரிடம் வந்து, "மாடா, நாயா?" என்று கேட்டிருக்கிறான். ஸ்டாண்டு என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் தலையில் அடித்துக்கொண்டானாம். 'வண்டிக் கோளாறுன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்லேருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கணும். அப்புறம்தான் மத்ததெல்லாம். பாடி நாளைக்கோ நாளன்னிக்கோ. மாடுன்னா மாட்டுக்காரனத் தேடுவாங்க. நாய்னு சொல்லு. நாய்க்கு யாரு வரப்போறா? சாயங்காலம் தூக்கிக்கினு போயிடலாம்.' வெளியே இவர் அம்மா மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். நாய் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"என் தம்பிய மட்டும் இல்ல மேரி. கட்டு கட்டாப் பெரட்டிட்டேன். எல்லாம் நாயி. வானூர்ப் பக்கம் ராயப்பன்னு ஒருத்தன், மெரிட்டாவுலதான் போய் உழுந்தான், எனக்கே தெரியும். பேப்பர்ல நாயி. நம்ம ஜில்லாவுல அத்தினி நாயாம்மா இருக்குது?"

மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். சேலத்துக்காரருக்கு எல்லாவற்றையும் எழுதினோம். மறுநாளே பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார். ஆனால் நாளிதழில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், இனிமேல் எந்தச் செய்தியிலாவது இந்தக் கோளாறு வெளியானால் சொல்லுங்கள், நானே சேர்க்கிறேன் என்று முடித்திருந்தார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வரி அடிக்கப் போனேன். அண்ணன் தடுத்துவிட்டார்.

"அவர் மேல தப்பு இல்ல. டிக்கெட் எடுத்துட்டேன், பறந்துடுச்சின்னு ஒருத்தன் வாயால சொன்னா நான் வுட்டுருவேனா?"

அதற்கப்புறம் அவர் காத்திருக்க ஆரம்பித்தார். எதற்கு என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத காத்திருப்பு. இன்னொருத்தன் மெரிட்டாவில் விழ வேண்டும், அவன் வீட்டார் உண்மையைச் சொல்ல வேண்டும், அது அச்சில் வர வேண்டும். 'நான் இதுக்கா காத்துக்கினு கெடக்கறேன், சீ' என்று ஒரு தடவை தன்னையே திட்டிக்கொண்டார்.

2012இல் ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"மேரி, கடைய மூடு. மரக்காணம் ரோட்டுல ஒரு பையன் போயிட்டான். மெரிட்டா. நானே போய் வண்டியப் பாத்துட்டு வர்றேன், ஸ்டாண்டு தொங்குது, நுனி தேஞ்சி பளபளன்னு இருக்குது. அவங்க அம்மா ஆஸ்பத்திரியில இருக்குது. பொம்பளகிட்ட நான் எப்படிப் பேசறது? நீ வா. ஜல்தி."

வந்திருந்த பையன்களைத் துரத்திவிட்டு ஷட்டரை இழுத்தேன்.

அஞ்சம்மாள், மரக்காணத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துப் பெண். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். ஒரே பையன். மீன் கூடை கட்டிப் போகப் பழைய மெரிட்டா ஒன்றை வாங்கியிருக்கிறான். பக்கத்தில் உள்ளூர் நிருபர் ஒருவர் பேனாவும் தாளுமாக நின்றார். பிணவறை ஆளும் நின்றான். வேறு ஆள், அதே வேலை.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வண்டியின் ஸ்டாண்டுதான் உன் பிள்ளையைச் சாய்த்தது, அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, அதைச் சொல்லு, பேப்பரில் வரட்டும் என்றேன். நிருபரும் நல்ல மனிதர். "அம்மா சொன்னாப் போதும், அப்படியே போடறேன்" என்றார்.

அஞ்சம்மாள் என்னைப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டை போட்டிருந்ததால் அண்ணனை ஏதோ அதிகாரி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவரைத்தான் கேட்டாள்.

"சார், அப்படிச் சொன்னா எம்புள்ளய எப்போ குடுப்பாங்க?"

பிணவறை ஆள் முந்திக்கொண்டான். "இன்னிக்கு சனி. நாளைக்கு ஞாயிறு. திங்கக்கெழம இன்ஸ்பெக்டர் வந்தா உண்டு. நாய்னு சொன்னா இப்பவே முடிஞ்சிடும்."

"அதுவரைக்கும் எங்க வெப்பாங்க?"

"உள்ளதான். ஐஸ் பொட்டியில."

அஞ்சம்மாள் எழுந்துவிட்டாள். "ஐஸ்லயா? நாங்க மீன போட்டு வெப்போம்யா ஐஸ்ல. எம்புள்ளய வெக்காதீங்க சார். ஐயா, ஒங்க காலுல உழறேன், எம்புள்ளய வெக்காதீங்க" என்று அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நிருபர் அண்ணனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த அம்மாவைச் சொல்ல வைத்தால் போதும். நாலு வருஷம் தேடின சான்று நாளைக் காலையில் அச்சில் இருக்கும். தலைப்பு, நாள், பக்கம் எல்லாமே.

அண்ணன் குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்.

"நாய்னு சொல்லிடு தாயே" என்றார்.

அவள் சொன்னாள். நிருபர் எழுதிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் பையனைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். குப்பத்து ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பும்போது நான் அவரை விடவில்லை. நடுரோட்டில் நிறுத்தி வைத்துக் கத்தினேன். "ஏண்ணா, புத்தி கெட்டுப் போச்சா ஒங்களுக்கு? இதுக்கா அத்தினி வருஷம் கீபோர்டக் கட்டிக்கினு அழுதீங்க? ஸ்டாண்டுன்னு வந்திருந்தா அடுத்தவன் ஒருத்தன் பொழச்சிருப்பானே!"

"பொழச்சிருப்பான்" என்றார். காக்கிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் மேரி. எனக்குத் தெரியாதா? ஆனா அவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. அந்த அம்மா மூஞ்சிய பாத்துட்டனே."